ஆய்வுமுறை கேள்வி–பதில்: இது எதற்கான நேர்வு?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நேர்வாய்வு, அதாவது கேஸ் ஸ்டடி பற்றியவை. நேர்வு என்றால் அதில் ஆராயப்படும் கேஸ். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கி, பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: ஒரு பள்ளியைத் தேர்ந்தெடுத்துத் தலைமையாசிரியர், ஆசிரியர்கள், பெற்றோர் என்று 14 பேரிடம் பேசி முடித்துவிட்டேன். "இது கேஸ் ஸ்டடி இல்லை, பள்ளியைப் பற்றிய வர்ணனை" என்கிறார் நெறியாளர். என்ன குறை?
– கல்வியியல் ஆய்வு மாணவி

பதில்: நெறியாளர் மனத்தில் இருக்கும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்: அந்தப் பள்ளி எதற்கான நேர்வு? பள்ளி என்பது வெறும் இடம். அங்கே நடக்கும் எதை ஆராய்கிறீர்கள் என்பதை வைத்துத்தான் நேர்வு உருவாகிறது. ஒரு புதிய வாசிப்புத் திட்டத்தை ஆசிரியர்கள் தங்கள் வசதிக்கு எப்படி வளைத்துக்கொள்கிறார்கள் என்பதற்கு அந்தப் பள்ளி நேர்வாகலாம். தலைமை மாறிய பிறகும் பழைய வழக்கங்கள் எப்படி நிலைத்து நிற்கின்றன என்பதற்கும் அதே பள்ளி நேர்வாகலாம். முதலாவதற்கு வகுப்பறையின் கடைசி பெஞ்சில் வாரக்கணக்கில் உட்கார வேண்டும். இரண்டாவதற்கு ஆசிரியர் கூட்டக் குறிப்பேடுகளைப் பல வருடம் பின்னோக்கிப் புரட்ட வேண்டும். இதை முடிவு செய்யாமல் பேட்டிக்குப் போனால், 14 பேரும் எல்லாவற்றையும் பற்றிக் கொஞ்சம் கொஞ்சம் சொல்லியிருப்பார்கள்; எதைப் பற்றியும் போதுமான அளவு கிடைத்திருக்காது.

நேர்வாய்வு முறைக்குப் பரவலாகப் படிக்கப்படும் பாடநூலை எழுதிய ராபர்ட் யின் 1984 முதல் வலியுறுத்திவரும் வரையறை இங்கே உதவும். நிகழ்காலத்தில் நடக்கும் ஒன்றை, அது நடக்கும் சூழலிலேயே வைத்து ஆழமாக ஆராய்வது நேர்வாய்வு. அதிலும், நிகழ்வு எங்கே முடிந்து சூழல் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாத இடங்களுக்கு உரியது. பிரிக்க முடியாது என்பதாலேயே எல்லையை நீங்கள் போட வேண்டியிருக்கிறது. ஒரு தாளில் நான்கு வரி எழுதுங்கள்: எந்தச் செயல் அல்லது மாற்றம், யார் யார் உள்ளே, எந்த இடம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை. ஐந்தாவதாக, யார் அல்லது எது இந்த எல்லைக்கு வெளியே என்பதையும் எழுதுங்கள். பலரும் தடுமாறுவது இந்த ஐந்தாவது வரியில்தான். வெளியே நிறுத்த எதுவுமே தோன்றவில்லை என்றால் எல்லை இன்னும் போடப்படவில்லை.

எடுத்த பேட்டிகள் வீண் இல்லை. அவற்றை முன்னோட்டமாக வைத்துக்கொண்டு ஒருமுறை படியுங்கள். கேட்காமலே பலர் திரும்பத் திரும்பத் தொட்ட விஷயம் எது என்று பார்த்து, அதைச் சுற்றி எல்லை போடுங்கள். பிறகு அந்த 14 பேரில் ஐந்தாறு பேரிடம் மட்டும், இந்த முறை குறிப்பான கேள்விகளோடு, திரும்பப் போனால் போதும். இந்த வரிசை மாற்றத்தை ஆய்வேட்டில் மறைக்க வேண்டாம். எல்லை எப்போது, எதனால் திருத்தப்பட்டது என்று எழுதுவது இந்த முறையில் சாதாரண விஷயம்.

கேள்வி: சர்வே எடுத்தால் 300 பேரின் கருத்து கிடைக்கும். அதை விட்டுவிட்டு ஏன் ஒரே இடத்தில் மாதக்கணக்கில் உட்கார வேண்டும்?
– மேலாண்மைத் துறை ஆய்வாளர்

பதில்: உங்கள் கேள்வி "எத்தனை பேர்", "எவ்வளவு" என்று தொடங்கினால் உட்கார வேண்டாம், சர்வேயே சரி. "எப்படி நடந்தது", "ஏன் இப்படி முடிந்தது" என்று தொடங்கி, நடப்பதை உங்களால் கட்டுப்படுத்தவும் முடியாது என்றால் நேர்வாய்வு. கட்டுப்படுத்த முடிந்தால் பரிசோதனை செய்துவிடலாம்; சம்பந்தப்பட்டவர்கள் எவரும் இன்று உயிரோடு இல்லை என்றால் அது வரலாற்றாய்வு. இரண்டையும் கலப்பதிலும் தப்பில்லை. சர்வே ஏற்கெனவே முடிந்து, அதில் விளக்க முடியாத ஒரு முடிவு தலைகாட்டினால், அந்த முடிவு மிகத் தெளிவாகத் தெரியும் இடத்தை நேர்வாக எடுத்து உள்ளே போவது மிக நல்ல வடிவமைப்பு.

கேள்வி: நான்கு வார்டுகளை எடுத்து, நர்ஸ்கள் ஷிப்ட் மாறும்போது நோயாளிகளின் விவரங்களை ஒப்படைக்கும் முறையை ஆராய்கிறேன். மதிப்பீட்டாளர் ஒருவர் "மாதிரி அளவுக்கான சூத்திரம் எங்கே?" என்று கேட்கிறார். என்ன பதில் எழுதுவது?
– செவிலியர் கல்லூரி விரிவுரையாளர்

பதில்: அந்தச் சூத்திரம் ஒரு பெருங்கூட்டத்திலிருந்து குலுக்கலில் எடுத்த சிலர் அந்தக் கூட்டத்தைப் பிரதிபலிக்கிறார்களா என்று பார்ப்பதற்கானது. உங்கள் நான்கு வார்டுகள் எந்தக் கூட்டத்தையும் பிரதிபலிக்க வரவில்லை. ஒவ்வொன்றும் தனித்தனிப் பரிசோதனை போல. ஒரு சோதனையில் கிடைத்த முடிவு அடுத்ததிலும் திரும்ப வருகிறதா என்பதே கேள்வி. இதை மறுநிகழ்வுத் தர்க்கம் என்பார்கள்.

அது வேலை செய்ய வேண்டுமானால், களத்துக்குப் போகும் முன்பே ஒரு முன்மொழிவு கையில் இருக்க வேண்டும். உதாரணமாக: "இரவில் ஆள் குறைவாக உள்ள வார்டில், ஒப்படைப்புப் படிவம் ஒப்படைக்கும்போது நிரப்பப்படுவதில்லை, வேலை முடிந்த பிறகு மொத்தமாக நிரப்பப்படுகிறது." இப்போது ஆள் குறைவான இரண்டு வார்டுகளை எடுக்கிறீர்கள்; இரண்டிலும் ஒரே முடிவு வரும் என்று எதிர்பார்க்கிறீர்கள். ஆள் போதுமான அளவு உள்ள இரண்டை எடுக்கிறீர்கள். அங்கே முடிவு வேறாக இருக்கும், அதற்கான காரணமும் முன்பே தெரியும். இரண்டும் இரண்டும் நான்கு. எண்ணிக்கை இப்படித்தான் வருகிறது. மதிப்பீட்டாளருக்கும் இதையே எழுதுங்கள்: எந்த நிபந்தனையில் எந்த முடிவை எதிர்பார்த்து எந்த வார்டை எடுத்தீர்கள் என்று நான்கு வரிசை கொண்ட ஒரு சிறு அட்டவணை, கீழே ஒரு பத்தி. சூத்திரம் கேட்டவருக்கு அட்டவணை கொஞ்சம் ஆறுதலாகவும் இருக்கும்.

மூன்றாவது வார்டு எதிர்பார்த்தபடி வரவில்லை என்றால் அதை ஓரங்கட்டக் கூடாது. முன்மொழிவைத் திருத்தி, திருத்திய முன்மொழிவோடு முதல் வார்டின் சான்றுகளை மறுபடி பார்க்க வேண்டும். இதனால்தான் நான்கையும் ஒரே வாரத்தில் முடிக்கும் திட்டம் ஆபத்தானது. ஒன்றை முடித்து, சிறு அறிக்கை எழுதி, பிறகு அடுத்ததற்குப் போங்கள்.

எத்தனை நேர்வு என்று கேட்டால், மேலாண்மை ஆய்வாளர் கேத்லீன் ஐசன்ஹார்ட் 1989இல் சொன்ன 4 முதல் 10 வரை என்ற கணக்கைத்தான் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். நான்குக்குக் கீழே போனால் செறிவான கோட்பாடு கட்டுவது பெரும்பாலும் கடினம். பத்துக்கு மேல் போனால் தகவலின் சுமையைத் தாங்க முடியாது என்பது அவர் வாதம். அது குழுவாக வேலை செய்பவர்களுக்கும் பொருந்தும் கணக்கு என்பதை மறந்துவிடுகிறார்கள். ஒரே ஆள், ஒரு வருடம் என்றால் இரண்டு அல்லது மூன்று நேர்வுகளை ஒழுங்காகச் செய்வதே மேல். பத்தைத் தொட்டுவிட வேண்டும் என்று ஓடினால், இரண்டு இரண்டு பேட்டிகள் கொண்ட பத்து மெலிந்த நேர்வுகள்தான் மிஞ்சும்.

இன்னொரு பொறி: வெற்றி பெற்ற இடங்களை மட்டும் எடுப்பது. புதிய படிவம் நன்றாக நடக்கும் நான்கு வார்டுகளை மட்டும் பார்த்து, "நான்கிலும் தலைமை நர்ஸ் ஆர்வமானவர், ஆகவே ஆர்வமே காரணம்" என்று எழுதிவிடுவார்கள். படிவம் தோற்ற வார்டிலும் தலைமை நர்ஸ் அதே ஆர்வத்தோடு இருந்திருக்கலாம். தோற்ற இடம் ஒன்றையாவது பார்க்காமல் அந்தக் காரணத்தை எழுத வழியே இல்லை.

கேள்வி: எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு நிறுவனத்தின் அனுமதிதான். ஒற்றை நேர்வோடு முனைவர் பட்டத்துக்குப் போகலாமா?
– தொழிலாளர் நலத் துறை ஆய்வாளர்

பதில்: போகலாம். ஆனால் "அனுமதி கிடைத்தது" என்பது அணுகல் மட்டுமே. ஒற்றை நேர்வை எடுப்பதற்கான காரணம் தனியாக வேண்டும். யின் ஐந்து காரணங்களைச் சொல்கிறார்: ஒரு கோட்பாட்டைச் சோதிக்கத் தீர்க்கமான நேர்வு, வழக்கத்துக்கு மாறான நேர்வு, அன்றாடம் எங்கும் காணக்கூடிய சாதாரண நேர்வு, இதுவரை ஆய்வாளர் யாரும் உள்ளே நுழைய முடியாத நேர்வு, ஒன்றையே இரண்டு அல்லது மேற்பட்ட காலப் புள்ளிகளில் பார்க்கும் நேர்வு. உங்கள் நிறுவனம் இவற்றில் எதில் அடங்கும் என்று நேர்மையாக யோசியுங்கள். பலரும் "வழக்கத்துக்கு மாறானது" என்று எழுதிவிடுகிறார்கள். உண்மையில் அது மிகச் சாதாரணமான நிறுவனமாக இருக்கும், அதுவே வலுவான காரணமாகவும் இருக்கும்.

ஒற்றை நேர்வுக்குள்ளேயே துறைகள், ஷிப்டுகள், அணிகள் என்று உட்கூறுகளை வைத்துக்கொள்ளலாம். ஒப்பிட இடம் கிடைக்கும். இதில் ஒரு சறுக்கல் உண்டு. மூன்று துறைகளைப் பற்றி விரிவாக எழுதிவிட்டு, நிறுவனத்துக்குத் திரும்பவே மாட்டார்கள். கடைசி இயலில் நிறுவனம் காணாமல் போயிருக்கும். ஒவ்வொரு உட்கூறின் முடிவிலும் "இதனால் நிறுவனத்தைப் பற்றி என்ன தெரிகிறது" என்று ஒரு பத்தி கட்டாயம் எழுதுங்கள். அனுமதியையும் எழுத்தில் வாங்குங்கள்: எந்தத் தேதி வரை, எந்தெந்த ஆவணங்கள், யார் யாரைப் பார்க்கலாம். வாய்ச்சொல்லில் கொடுத்த மேலாளர் மாற்றலாகிப் போனால் ஆய்வும் அவரோடு போய்விடும்.

கேள்வி: எத்தனை நேர்காணல் போதும்? கேள்விப் பட்டியலை எப்படித் தயாரிப்பது?
– சமூகப்பணி மாணவர்

பதில்: முதலில் நேரக் கணக்கு. ஒரு மணி நேர ஒலிப்பதிவை வார்த்தை விடாமல் எழுத்தாக்க, பழகிய கைக்கே 4 முதல் 6 மணி நேரம் ஆகும். 20 பேட்டி என்றால் 80 முதல் 120 மணி நேரம். அதாவது தினமும் எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் இரண்டிலிருந்து மூன்று வேலை வாரங்கள். தானாக எழுத்தாக்கும் மென்பொருளைப் பயன்படுத்தினாலும், ஒலியோடு ஒப்பிட்டுத் திருத்தும் நேரத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வட்டாரப் பேச்சிலும் இருவர் ஒரே நேரத்தில் பேசும் இடங்களிலும் மென்பொருள் தடுமாறும். ஒலிப்பதிவை வெளியார் சர்வருக்கு அனுப்பப் பங்கேற்பாளரின் ஒப்புதல் இருக்கிறதா என்பதும் தனிக் கேள்வி.

எண்ணிக்கையை முன்கூட்டியே முடிவு செய்வதைவிட, எந்தெந்த நிலையில் இருப்பவர்களின் பார்வை வேண்டும் என்று பட்டியலிடுங்கள்: முடிவெடுத்தவர், நிறைவேற்றியவர், பாதிக்கப்பட்டவர், எதிர்த்தவர், நடுவில் விலகிப் போனவர். கடைசி இரண்டு வகையினரை யாரும் உங்களிடம் அறிமுகப்படுத்த மாட்டார்கள். தேடித்தான் போக வேண்டும். ஒவ்வொரு நிலையிலும் புதிய பேட்டி பழையதையே திரும்பச் சொல்லத் தொடங்கும்போது நிறுத்தலாம். ஒரே நிலையைச் சேர்ந்தவர்களிடம் மட்டும் பேசிவிட்டு "நிறைவு வந்துவிட்டது" என்று எழுதுவது ஏமாற்று.

கேள்விகளில் இரண்டு தளங்கள் உண்டு. ஒன்று உங்களுக்கான ஆய்வுக் கேள்வி. மற்றது எதிரே இருப்பவரிடம் வாய்விட்டுக் கேட்பது. முதலாவதை அப்படியே கேட்டுவிடுவதுதான் புதியவர்களிடம் அடிக்கடி பார்க்கும் தவறு. "நீங்கள் ஏன் படிவத்தை நிரப்பவில்லை?" என்றால் அவர் தற்காப்பில் இறங்கிவிடுவார். "கடைசியாக நீங்கள் ஷிப்ட் ஒப்படைத்த அன்று என்ன நடந்தது, வந்ததிலிருந்து சொல்லுங்கள்" என்று கேட்டால், ஏன் என்பது தானாக வெளியே வரும். "பொதுவாக எப்படிச் செய்வீர்கள்?" என்ற கேள்விக்கு விதிமுறைதான் பதிலாக வரும். "கடைசியாக எப்போது, எப்படி?" என்று கேட்டால்தான் நடந்தது வரும்.

களநெறிமுறை என்று ஒன்றைத் தயாரித்துக்கொள்ளுங்கள். ஆய்வின் நோக்கம் ஒரு பத்தி, அணுகல் மற்றும் ஒப்புதல் ஏற்பாடு, ஒவ்வொரு ஆய்வுக் கேள்விக்கும் எதிரே அதற்கான சான்று எங்கே கிடைக்கலாம் என்ற பட்டியல், அறிக்கையின் உத்தேச வடிவம். நான்கைந்து பக்கம் போதும். இதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே ஒருவரிடம் முன்னோட்டம் பாருங்கள். பதிவுக் கருவிகள் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். களக்குறிப்பை அன்று இரவே விரித்து எழுதுங்கள். ஒரு நாள் கழித்து எழுதினால், பார்த்தது எது, பிறகு நீங்களே ஊகித்தது எது என்று பிரிக்க முடியாமல் போகும். குறிப்பேட்டில் பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இடதில் கண்டது கேட்டதையும், வலதில் அதைப் பற்றித் தோன்றியதையும் எழுதும் பழக்கம் இதற்காகத்தான்.

கேள்வி: ஆவணங்கள் ஒன்று சொல்கின்றன, ஆட்கள் வேறொன்று சொல்கிறார்கள். எதை நம்புவது?
– பொது நிர்வாக ஆய்வு மாணவி

பதில்: இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். முரண்பாடு கிடைத்தால் ஆய்வு சரியான இடத்துக்கு வந்திருக்கிறது என்று அர்த்தம்.

நேர்வாய்வில் ஆறு வகைச் சான்றுகளைச் சொல்வது வழக்கம்: ஆவணங்கள், பதிவேடுகள், நேர்காணல், நேரடி உற்றுநோக்கல், பங்கேற்று உற்றுநோக்கல், பொருள்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதத்தில் பிசகும். ஆவணம் யாருக்குக் காட்டுவதற்காகவோ எழுதப்பட்டது. பேட்டி நினைவை நம்பியது. நினைவு இன்றைய நிலவரத்துக்கு ஏற்ப நேற்றைத் திருத்திக்கொள்ளும். நீங்கள் பார்க்கும்போது ஆட்கள் ஒழுங்காக இருப்பார்கள், குறைந்தது முதல் சில நாட்களுக்காவது. இப்படிப் பிசகும் விதம் வேறுவேறாக இருக்கும் சான்றுகள் ஒரே இடத்தில் வந்து சேர்வதைத்தான் முக்கோணச் சரிபார்ப்பு என்கிறோம். ஒரே சுற்றறிக்கையைப் படித்த மூன்று அதிகாரிகள் ஒரே விஷயத்தைச் சொன்னால் அது மூன்று சான்று ஆகாது, ஒன்றுதான். அவர்களுக்கு அது எப்படித் தெரியும் என்று ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டும்.

ஆவணமும் பேச்சும் முரண்படும்போது என்ன செய்யலாம் என்பதற்கு அமெரிக்கச் சமூகவியலாளர் டயான் வாகனின் சேலஞ்சர் ஆய்வைப் பாருங்கள். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் ஏவப்பட்ட 73 விநாடிகளில் சிதறி, உள்ளே இருந்த ஏழு பேரும் இறந்தார்கள். பூஸ்டர் ராக்கெட்டின் இணைப்பில் இருந்த ரப்பர் வளையம் கடுங்குளிரில் ஒழுங்காக அடைக்கவில்லை. முந்தைய இரவு நடந்த தொலைபேசிக் கூட்டத்தில் பொறியாளர்கள் எச்சரித்திருந்தார்கள். கால அட்டவணை நெருக்கடியில், தெரிந்தே விதிகளை மீறி மேலாளர்கள் ஏவினார்கள் என்பதே பரவலான விளக்கம். வாகனும் அப்படித்தான், நிறுவனத் தவறு நடத்தைக்கான நேர்வாக அதை எடுத்தார். ஆவணக் காப்பகத்தில் இருந்த தாள்களைப் படிக்கப் படிக்க அந்த விளக்கம் நிற்கவில்லை. ஏவுதலுக்கான பாதுகாப்பு நிபந்தனைகளைத் தள்ளுபடி செய்தது விதிமீறல் என்று வெளியே இருந்து பார்த்தவர்களுக்குத் தோன்றியது. நாசாவின் நடைமுறையில் அந்தத் தள்ளுபடியே விதிப்படி கையெழுத்திட்டுச் செய்யும் ஒரு வேலை. முந்தைய ஏவுதல்களில் வளையம் அரித்துப்போயிருந்ததும் ஒவ்வொரு முறையும் ஆராயப்பட்டு, "ஏற்கத்தக்க ஆபத்து" என்று பதிவாகியிருந்தது. விதியை மீறியதால் வந்த விபத்து என்று தொடங்கிய ஆய்வு, விதியைப் பின்பற்றிக்கொண்டே பிறழ்வு படிப்படியாக இயல்பாகிப்போனது எப்படி என்று முடிந்தது. 1996இல் வெளியான அந்த ஆய்வுக்குப் பிறகு, மருத்துவமனைப் பாதுகாப்பு வரை இந்தக் கருத்து பரவிவிட்டது.

கவனியுங்கள், அவருடைய நேர்வு மாறவில்லை. அது எதற்கான நேர்வு என்பதுதான் மாறியது. அந்த மாற்றத்துக்கு இடம் கொடுத்தது, அந்தக் காலத்தில் அந்த வேலையைச் செய்தவர்களுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று, நாள்வாரியாகத் தாள்களை அடுக்கிப் படித்ததுதான்.

கேள்வி: நூற்றுக்கணக்கான பக்கங்கள் குவிந்துவிட்டன. மென்பொருள் வாங்கினால் பகுப்பாய்வு எளிதாகுமா?
– இதழியல் ஆய்வாளர்

பதில்: என்விவோ, அட்லஸ் டி.ஐ., மேக்ஸ்கியூடிஏ எல்லாமே நல்ல அலமாரிகள். அடுக்கித் தரும், தேடித் தரும். யோசிக்க வேண்டியது நீங்கள்தான். பேட்டிகள் முப்பதுக்குக் கீழே என்றால் சாதாரண விரிதாள் ஒன்றும் வண்ணப் பேனாக்களும் போதும் என்பது எங்கள் கருத்து.

முதல் வேலை, ஒவ்வொரு சான்றுக்கும் ஓர் எண். பேட்டி 07, ஆவணம் 23 என்று. அறிக்கையில் எழுதும் எந்த வாக்கியத்திலிருந்தும் பின்னோக்கிப் போய் அந்த எண்ணை, அந்தப் பக்கத்தைத் தொட முடிய வேண்டும். சான்றுச் சங்கிலி என்பது இதுதான். இரண்டாவது, காலவரிசை: தேதி, நடந்தது, சான்று எண். இதைப் போடும்போதே, காரணம் என்று பலர் சொன்ன ஒன்று விளைவுக்குப் பிறகுதான் நடந்திருக்கிறது என்பது போன்றவை அம்பலமாகும். குறியிடுதல், அதாவது பேட்டியின் ஒவ்வொரு பகுதிக்கும் அது எதைப் பற்றியது என்று சிறு பெயர் சூட்டுவது, அதற்குப் பிறகு. முதல் இரண்டு மூன்று பேட்டிகளுக்கு வரிவரியாகக் குறியிட்டு, கிடைத்ததைக் குழுவாக்கி, ஒவ்வொரு குறிக்கும் "இது எது, எது இதில் சேராது" என்று ஒரு வரி விளக்கம் எழுதிவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள். 150 குறிகள் சேர்ந்துவிட்டால் நீங்கள் பகுப்பாய்வு செய்யவில்லை, அகராதி தயாரிக்கிறீர்கள்.

உண்மையான பகுப்பாய்வு போட்டி விளக்கங்களோடு தொடங்குகிறது. அரசியல் அறிவியலாளர் கிரஹாம் அலிசன், அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் அணு ஆயுதப் போரின் விளிம்புக்குப் போன 1962 அக்டோபரின் கியூப ஏவுகணை நெருக்கடியை எடுத்து, ஒரே நிகழ்வை மூன்று விளக்கங்களால் பார்த்தார்: அரசு ஒரே மனிதனைப் போலக் கணக்கிட்டு முடிவெடுக்கிறது; அமைப்புகள் தங்கள் வழக்கமான நடைமுறையைத்தான் செய்கின்றன; பதவியில் இருப்பவர்களின் பேரத்தில் முடிவு பிறக்கிறது. 1971இல் வந்த அந்த ஆய்வு இன்றும் பாடமாக இருப்பதற்குக் காரணம், முதல் விளக்கம் எதை விளக்காமல் விடுகிறது என்று மற்ற இரண்டும் காட்டுவது. உங்களுக்கு மூன்று வேண்டாம். இரண்டாவது ஒன்றையாவது எழுதி, அதுவே உண்மை என்றால் என்னென்ன சான்று கிடைத்திருக்க வேண்டும் என்று பட்டியலிடுங்கள்.

சான்றின் எடையும் ஒரே மாதிரி இருக்காது. விளக்கம் உண்மையென்றால் கட்டாயம் இருந்தே தீர வேண்டிய சான்று சில உண்டு. அது இல்லையென்றால் விளக்கம் விழுந்துவிடும், இருந்தாலோ பெரிதாக எதையும் நிரூபிக்காது. வேறு சில, இருந்தால் விளக்கத்தைக் கிட்டத்தட்ட உறுதிப்படுத்தும், இல்லாவிட்டால் ஒன்றும் கெட்டுவிடாது. ஆள் பற்றாக்குறைதான் காரணம் என்றால், அன்றைய இரவுப் பணிப் பட்டியலில் ஆள் குறைந்திருக்க வேண்டும். இது முதல் வகை. "இன்று ஆள் இல்லை, படிவத்தைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று அன்றே எழுதிய ஒரு குறிப்பு கிடைத்தால், அது இரண்டாவது வகை. பணிப் பட்டியலை மட்டும் காட்டிவிட்டு நிரூபித்துவிட்டதாக எழுதும் ஆய்வேடுகள்தான் அதிகம்.

கேள்வி: வாய்மொழித் தேர்வில் "ஒன்றை வைத்து எப்படிப் பொதுமைப்படுத்துவீர்கள்?" என்று நிச்சயம் கேட்பார்கள். என்ன சொல்வது?
– பெயர் வேண்டாம் என்றவர்

பதில்: "இது என் ஆய்வின் வரம்பு" என்று தலைகுனியாதீர்கள். எண்ணிக்கையை நோக்கிப் பொதுமைப்படுத்துவது வேறு, கோட்பாட்டை நோக்கிப் பொதுமைப்படுத்துவது வேறு. நீங்கள் செய்வது இரண்டாவது.

சமூகவியலாளர் ராபர்ட் மிகெல்ஸ் 1911இல் செய்தது நல்ல எடுத்துக்காட்டு. எந்த அமைப்பும் கடைசியில் சிலர் கையில் போய்விடும் என்பது அவர் வாதம். அதைக் காட்ட ராணுவத்தையோ முடியாட்சிக் கட்சியையோ அவர் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் யாரும் வியக்க மாட்டார்கள். சமத்துவத்தையும் ஜனநாயகத்தையும் கொள்கையாகவே கொண்ட ஜெர்மன் சமூக ஜனநாயகக் கட்சியை முதன்மையாக எடுத்தார். அங்கேயே சிலர் ஆட்சிதான் என்றால், மற்ற இடங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கோட்பாடு பொய்க்க மிகவும் வாய்ப்புள்ள இடத்தில் போய்ச் சோதிப்பதால் ஒற்றை நேர்வுக்கு இந்த வலு வருகிறது. எதிர்த் திசையிலும் இதே தர்க்கம் ஓடும்: எல்லா வசதியும் இருக்கும் இடத்திலேயே ஒரு திட்டம் தோற்றால், வசதி இல்லாத இடங்களுக்கு அதைப் பரிந்துரைப்பவர் பதில் சொல்லியாக வேண்டும்.

ஆகவே தேர்வாளரிடம் மூன்றைச் சொல்லுங்கள். எந்தக் கோட்பாட்டு முன்மொழிவைச் சோதித்தேன், இந்த நேர்வு அதற்கு எளிதான இடமா கடினமான இடமா, எந்த நிபந்தனைகள் மாறினால் என் முடிவு நிற்காது. மூன்றாவதைச் சொல்பவரை அதற்குமேல் அதிகம் துருவ மாட்டார்கள். சூழலைப் பற்றிய விவரங்களை ஆய்வேட்டில் நெருக்கமாகத் தந்திருந்தால், தன் சூழலுக்குப் பொருந்துமா என்று வாசகரும் பார்த்துக்கொள்வார்.

கேள்வி: எம்.பி.ஏ. வகுப்பில் படிக்கும் கேஸ் ஸ்டடியும் இதுவும் ஒன்றா?
– மேலாண்மை மாணவர்

பதில்: இல்லை. அது வகுப்பில் விவாதிக்க எழுதப்படுவது. ஹார்வர்டு சட்டக் கல்வியில் 1870இல் பேராசிரியர் லாங்டெல் தொடங்கிய, நீதிமன்றத் தீர்ப்புகளைப் படித்து விவாதிக்கும் வழக்கு முறையிலிருந்து வணிகக் கல்விக்கு வந்தது. முடிவை மறைக்கலாம், விவாதம் சூடு பிடிக்கும்படி தகவலைத் தேர்ந்து அடுக்கலாம், பெயரையும் எண்களையும் மாற்றலாம். ஆய்வில் விவாதத்துக்காக எதையும் அடுக்க முடியாது. எல்லாச் சான்றையும் நியாயமாக வைத்தாக வேண்டும். பாடநூலில் உள்ள ஒன்றை எடுத்து "இரண்டாம் நிலைத் தரவு" என்று ஆய்வேட்டில் சேர்க்காதீர்கள்.

கேள்வி: பெயரை மாற்றி எழுதினால் ரகசியம் காப்பாற்றப்பட்டுவிடும் இல்லையா? எழுதி முடித்ததைப் பங்கேற்றவர்களிடம் காட்ட வேண்டுமா?
– சமூகவியல் ஆய்வாளர்

பதில்: பெயரை மாற்றுவது வெளியாருக்கு மட்டுமே திரை. சமூகவியலாளர்களான லிண்ட் தம்பதி 1929இல் "மிடில்டவுன்" என்று எழுதிய ஊர் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் உள்ள மன்சி என்பது இன்று எல்லோருக்கும் தெரியும். அதைவிடப் பெரிய சிக்கல் உள்ளே இருக்கிறது. "22 வருடம் பணியாற்றிய ஒரே பெண் மேற்பார்வையாளர்" என்று எழுதினால், பக்கத்து மேசைக்காரருக்கு அவர் யாரென்று உடனே தெரியும். அவரைப் பற்றிய முடிவை எடுப்பவரும் அந்தப் பக்கத்து மேசைக்காரராகவே இருக்கலாம். வருடத்தை "நீண்ட அனுபவம்" என்று தளர்த்துங்கள். வாதத்துக்குத் தேவையில்லாத பாலினம், பதவி ஆகியவற்றை நீக்குங்கள். சங்கடமான மேற்கோள்களில், அதே ஆள் வேறு இடத்தில் சொன்னதோடு இணைத்துப் பார்க்க முடியாதபடி அடையாள எண்ணையும் விட்டுவிடுங்கள். எதை மாற்றினீர்கள் என்ற பட்டியல் உங்களிடம் மட்டும், தரவு இருக்கும் இடத்தில் இல்லாமல் வேறு இடத்தில், பூட்டி இருக்கட்டும். ஒப்புதல் படிவத்திலும் "உங்கள் பெயர் வராது" என்று எழுதுங்கள். "யாருக்கும் தெரியாது" என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.

வரைவைக் காட்ட வேண்டும். இரண்டு வாரம் அவகாசம் கொடுத்து, இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள்: தகவலில் பிழை இருக்கிறதா, விளக்கம் பற்றி என்ன நினைக்கிறீர்கள். முதலாவதில் அவர் சொல்வதைச் சரிபார்த்துத் திருத்த வேண்டும். இரண்டாவதில் மாற்றுக் கருத்து வந்தால், சான்று மாறாதவரை உங்கள் விளக்கத்தை வைத்துக்கொண்டு, அவருடைய மறுப்பையும் அதே பக்கத்தில் அச்சிடலாம். முழு ஆய்வேட்டையும் அனுப்பாதீர்கள். ஒவ்வொருவருக்கும் அவர் சம்பந்தப்பட்ட பகுதியை மட்டும் அனுப்புங்கள். இல்லாவிட்டால் ஒருவர் சொன்னதை இன்னொருவருக்கு நீங்களே கொண்டுபோய்க் கொடுத்ததாகிவிடும்.